சீப்பு பிளேட்டும் கிளாரினெட் ஏழுமலையும்

பழைய ரிக்கார்டு வாங்கி விற்கிறவனுக்குக் காதைவிட விரல் நகம்தான் முக்கியம். பழைய சாமான் எதையாவது வாங்கி, கையைச் சுட்டுக்கொண்ட ஆளாக நீங்கள் இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். வாங்கும்போது எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். வாங்கினவன் கைக்கு வந்த பிறகுதான் அது தன் குணத்தைக் காட்டும். எழுபதுகளிலும் எண்பதுகளின் ஆரம்பத்திலும் திருவண்ணாமலை தேரடித் தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை. பாதிக் கடையில் நான் ரிக்கார்டு பிளேட்டு விற்பேன். மீதிப் பாதியில் ரேடியோ மெக்கானிக் குப்புசாமி ஈயப் புகை போட்டுக்கொண்டிருப்பான். படிப்பு எங்கள் ரெண்டு பேருக்கும் நாலாவதோடு சரி. லேபிளில் இருக்கிற இங்கிலீஷை நிறம் பார்த்துத்தான் அடுக்குவோம்.

வளைத்துக் காட்டும் வித்தை

முதலில் இருந்தது அரக்கு பிளேட்டு. கை தவறினால் சில்லு சில்லாகிவிடும். அப்புறம் பிளாஸ்டிக் பிளேட்டு வந்தது. அதை விற்க எங்களிடம் ஒரு வித்தை இருந்தது. ரெண்டு கையாலும் பிடித்து, காயாத அப்பளம் மாதிரி வளைத்துக் காட்டுவோம். அது வளைந்து நிமிர்ந்தால் கிராக்கிக்கு நம்பிக்கை வந்துவிடும்.

ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய சின்ன பிளேட்டுகளை என்னிடம் விற்றுவிட்டுப் போனார். ஒவ்வொன்றின் நடுவிலும் எலுமிச்சம்பழம் நுழைகிற ஓட்டை. குப்புசாமி மரக்கட்டையைச் சீவி அதற்கு ஒரு அடைப்பு செய்தான். மறுநாள் அடி அண்ணாமலை மைக் செட் முனுசாமி வந்தான். எங்கள் வித்தை அவனுக்கும் அத்துப்படி. நான் வாயைத் திறக்கிறதுக்குள் ஒன்றை எடுத்து வளைத்தான். 'டப்' என்று ஒரு சத்தம். இந்தக் கையில் பாதி, அந்தக் கையில் பாதி. ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முனுசாமி சொன்னான்: "இன்னா பாய், நம்ம ஊரு பிளேட்டு ஆளப் பாத்ததுமே வளையுது. வெள்ளக்காரன் பிளேட்டு ஒடஞ்சாலும் ஒடைவேன், வளைய மாட்டேன்னுது!"

டிக், தொப்

குப்புசாமி அந்தத் துண்டை மோந்து பார்த்தான், நெருப்பில் காட்டினான். "இது சீப்பு பண்ற பிளாஸ்டிக், பாய்" என்றான். அடுத்து கடைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரம்மாவிடம் துண்டைக் காட்டினேன். இதற்கு ஸ்டைரின் என்று பேராம். அமெரிக்காவில் சின்ன பிளேட்டுகளை இதிலும் வார்ப்பார்களாம். வளைகிற ஜாதிக்கு வினைல் என்று பேர். அந்தம்மா சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் எங்கள் கடையில் அது சீப்பு பிளேட்டு என்றே நின்றுவிட்டது. கையில் எடுத்தால் கனம் கம்மி, விறைப்பு ஜாஸ்தி. லேபிள் மேலே ஒட்டின காகிதம். நாளானால் ஓரம் தூக்கிக்கொள்ளும். நகத்தால் தட்டினால் சீப்பு பிளேட்டு 'டிக்' என்னும், வினைல் 'தொப்' என்னும். புதுசில் இதன் பாட்டு கண்ணாடி மாதிரி இருக்கும். ஊசி கொஞ்சம் பாரமாக இருந்தால் போதும், கோடெல்லாம் தேய்ந்து சாம்பல் பூத்துவிடும். அப்புறம் எண்ணெயில் வறுக்கிற சத்தம்தான். வினைல் அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் பெட்டியைக் கொட்டி, ஒவ்வொரு பிளேட்டாகக் காதருகே வைத்துத் தட்டிக்கொண்டிருந்தோம். தாலுக்கா ஆபீஸ் கிளார்க் ராமநாதன் வாசலிலேயே நின்றுவிட்டார். வாரம் தவறாமல் வந்து, எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிற மனுஷன். "பாய், ரிக்கார்டு கடைன்னு நெனச்சு வந்துட்டேன். பரவால்ல, சட்னிக்கு நல்லதா ஒரு தேங்கா பாத்துக் குடுங்க."

லேபிளில் ஒரு பேர்

ஏழுமலை எங்கள் ஊர் பேண்டு செட்டின் முதலாளி. கிளாரினெட் வாசிப்பார். ஒரு கல்யாண ஊர்வலத்தில் அவர் வாசித்ததை ஒரு வெள்ளைக்காரர் டேப்பில் பிடித்துக்கொண்டு போனார். எல்லோரும் அதை மறந்த பிறகு அமெரிக்காவிலிருந்து தபாலில் ஒரு சின்ன பிளேட்டு வந்தது. ஒன்றே ஒன்று. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார் ஏழுமலை. நல்லவேளை, கிளார்க் ராமநாதன் இருந்தார். லேபிளில் ஏழுமலையின் பேரும் ஊர்ப் பேரும் போட்டிருக்கிறது என்று வாய்விட்டுப் படித்தார். "இன்னொரு தபா படிங்க சார்" என்றார் ஏழுமலை. அவரும் படித்தார்.

நான் ஓரத்தை நகத்தால் தட்டினேன். டிக். குப்புசாமி என்னைப் பார்த்தான். "அண்ணே, இது சீக்கிரம் தேயற ஜாதி. நம்ம கடை ஊசியோ பாரம். போடப் போட பாட்டு போயிடும். வீட்டுல பத்திரமா வெச்சுக்குங்க" என்றேன். ஏழுமலை பிளேட்டை என் கையிலேயே திரும்ப வைத்தார். "வீட்டுல வெச்சா எலிதான் பாய் கேக்கும். போடுங்க."

வேலூர்க்காரன் கோட்டு

அவருக்கு அவசரம் இருந்தது. அந்த வருஷம் வேலூரிலிருந்து ஒரு புது பேண்டு செட் இறங்கி, சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக நம்ம பக்கத்துக் கல்யாணங்களையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தது. ஏழுமலையின் ஆட்களில் ரெண்டு பேர் அந்தக் கோட்டுக்குள் போயே விட்டார்கள். இந்த முகூர்த்தமும் கை நழுவினால் மிச்சப் பேரும் போய்விடுவார்கள், அப்புறம் செட் என்று ஒன்று இருக்காது. அவரிடம் கோட்டு இல்லை, பிளேட்டுதான் இருந்தது. கல்யாண வீட்டுக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கையோடு கடைக்குக் கூட்டிவருவார். லேபிளைக் காட்டுவார், என்னைப் போடச் சொல்வார். அவர்களும் கேட்டுவிட்டு வெத்தலை பாக்கு கொடுத்து நாள் குறித்துப் போவார்கள்.

ஒவ்வொரு பேச்சு முடியும்போதும் பிளேட்டு கொஞ்சம் தேய்ந்தது. தை மாசத்தில் கண்ணாடியாக இருந்தது பங்குனியில் சாம்பல் பூத்தது. குப்புசாமி ஊசிக் கையின் வால் பக்கம் ஒரு இரும்பு நட்டைக் கட்டிப் பாரத்தைக் குறைத்தான். இருந்தும் வறுக்கிற சத்தம் நிற்கவில்லை. "மிச்சம் இருக்கறத கேசட்டுல பிடிச்சுத் தரேண்ணே, ஆயுசுக்கும் கேக்கலாம்" என்றான். ஏழுமலைக்கு வந்ததே கோபம். "கேசட்டுல தவளகூடப் பாடும்டா. பிளேட்டுல பேரு போட்டிருக்கான்ல?"

அமெரிக்காவில் மழை

வைகாசியில் போளூர் அரிசி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். அந்த ஒன்று கிடைத்தால் சுத்துப்பட்டில் இருக்கிற மண்டிக்காரர்கள் எல்லோரும் ஏழுமலையைத்தான் கூப்பிடுவார்கள். வேலூர்க்காரனைப் பேசி முடிக்கிற எண்ணத்தோடு கிளம்பியவர், அமெரிக்கா பிளேட்டு என்கிற பேச்சைக் கேட்டு, மச்சானோடு எங்கள் கடைக்கு வந்தார். ஏழுமலை லேபிளைக் காட்டினார். நான் பயந்துகொண்டேதான் ஊசியை வைத்தேன். கரகரவென்று வறுத்தது. கிளாரினெட் எங்கோ பானைக்குள்ளிருந்து முனகியது. மண்டிக்காரர் காதைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னாய்யா, அமெரிக்காவுல மழையா?" மச்சான் சிரித்தார். நான் ஏழுமலை முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழுமலை துணிப்பையிலிருந்து கிளாரினெட்டை எடுத்தார். சீவாளியை நாக்கில் நனைத்தார். பிளேட்டு எந்த இடத்தில் முனகிக்கொண்டிருந்ததோ, சரியாக அந்த இடத்தில் சேர்ந்துகொண்டார். பிளேட்டின் இரைச்சலை மூடத்தான் அவர் வாசித்தார் என்று நினைக்கிறேன். ஆனால் கண் மூடிய பிறகு அவருக்கு அந்த நினைப்பு இருந்த மாதிரி தெரியவில்லை. எதிரே பூக்கட்டுகிற அம்மா நூலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். சைக்கிளில் வந்தவர்கள் கால் ஊன்றினார்கள். குப்புசாமி சத்தம் காட்டாமல் ஊசியைத் தூக்கிவிட்டான். பிளேட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஏழுமலை முழுசாக வாசித்து முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

மண்டிக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் வெத்தலை வாங்கப் பக்கத்துக் கடைக்கு நடந்தார். மண்டிக்காரர் ஏழுமலை பக்கம் திரும்பி, உண்மையாகவே கோபமாகக் கேட்டார்: "இத மொதல்லயே எடுத்து வாசிக்கறதுக்கு இன்னாய்யா? எதுக்கு அந்த எண்ணெச் சட்டிய இவ்ளோ நேரம் சுத்த வுட்ட?"

பேர் வாசல் பக்கம் தெரிகிற மாதிரி மாட்டச் சொல்லி ஏழுமலை விட்டுப்போன அந்த பிளேட்டு இன்னும் என் சுவரில் ஆணியில்தான் தொங்குகிறது. நகத்தால் தட்டினால் 'டிக்' என்று சுத்தமாகக் கேட்கும், அதில் மிச்சமிருக்கிற பாட்டு அவ்வளவுதான்.