கண்டுபிடிப்பு முடியும் தேதி

மாடியில் இரண்டு அறை, நான்கு பேர். இதுதான் எங்கள் கம்பெனி. முதலாளி தன் தங்கையைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடுகிறோம். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் கத்துகிற கருவி அவள் செய்தது. பழைய ரேடியோ ஒன்றைச் சும்மா நோண்டிக்கொண்டிருந்தபோது பிறந்தது. இன்றுவரை எங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது.

போன மாதம் முதலாளி கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதையாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். செய்யப்போகும் வேலையை அதில் பதியாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. சும்மா நோண்டுவதற்கு அதில் இடமே இல்லை.

இன்று காலை, “புதுசா ஏதாவது கண்டுபிடிம்மா. மொதல்ல அதுல பதிஞ்சிடு,” என்றார்.

தங்கச்சி பதியப் போனாள். சாஃப்ட்வேர் வேலை முடியும் தேதியைக் கேட்டது. காலியாக விட்டால் ஏற்க மறுத்தது.

“என்ன செய்யப்போறேன்னே தெரியல. அதுக்கு எப்படிண்ணா தேதி போடறது?”

“ஏதாவது ஒண்ணு போடேன்.”

மதியம்வரை அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு இன்றைய தேதியைப் போட்டு, ‘முடிந்தது’ என்றும் தட்டிவிட்டாள்.

அடுத்த அறையில் முதலாளியின் திரை பச்சையானது.

“பரவாயில்லையே, அதுக்குள்ள முடிச்சிட்டியா? அப்ப அடுத்ததப் பதி.”

அவள் மேசையில் சால்டரிங் அயர்னின் பிளக்கை இன்னும் மாட்டவே இல்லை.