தனியாக உள்ளே போகவேண்டாம்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கு அவர் குமாரபாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் தெருவுக்கு டீச்சரம்மா. வட்டாரத்து ஆசிரியர்களுக்கு அக்கா. பள்ளி முடிந்த பிறகு அம்மா எங்கே போனார், கல்யாண வீடுகளுக்கு ஏன் கடைசிப் பந்திக்கு மட்டும் வந்து சேர்ந்தார் என்பது உறவினர்கள் பலருக்கும் தெரியாது. அதில் வருத்தம் கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அம்மா விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர். கடைசிவரை உரக்கத்தான் பேசுவார். வீட்டில் முதன்முதலாக ஆசிரியர் பயிற்சிக்குப் போனவரும் அவர்தான். இராசிபுரத்தில் தறி உதிரிபாகக் கடை வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மலையடிவார ஊர் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளியில் முதல் வேலை கிடைத்தது.

ஆசிரியர் சங்கத்தில் அம்மா சேரக் காரணமே நான்தான் என்று அப்பா சொல்வார். நான் வயிற்றில் இருந்தபோது அம்மா மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பித்தார். தலைமையாசிரியர் அதைக் கையிலேயே வாங்கவில்லை. "போன வருசந்தான் கல்யாணத்துக்கு லீவு எடுத்தீங்க. அதுக்குள்ள இன்னொன்னா?" என்று எல்லோர் முன்பும் கேட்டிருக்கிறார். சேதி எப்படியோ சங்கத்துக்குப் போய், மறுநாளே ஒரு மூத்த ஆசிரியை பேருந்து ஏறி வந்தார். அம்மாவுக்கு அவர் முன்பின் தெரியாதவர். தலைமையாசிரியரின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "கையெழுத்துப் போடுங்க சார். போடற வரைக்கும் நான் இங்கயே உக்காந்துக்கறேன். எனக்கு இன்னிக்கு வேற சோலி இல்லீங்க" என்றாராம். கையெழுத்து விழுந்தது. "அந்தம்மா வேற ஒரு வார்த்தை பேசல. வந்து உக்காந்தாங்க, அவ்வளவுதான்" என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

அதன்பிறகு அம்மாவும் பிறருக்காக உட்காரத் தொடங்கினார். முதலில் பள்ளிப் பிரதிநிதி, பிறகு வட்டாரச் செயலாளர். மாறுதல் கலந்தாய்வில் ஏமாற்றப்பட்டவர், பணி நிரவலில் ஊர் மாற்றப்பட்டவர், பணிப்பதிவேட்டில் பதிவு விடுபட்டவர், விளக்கம் கேட்டு மெமோ என்னும் குறிப்பாணை கையில் வந்த நாள் முதல் சோறு இறங்காதவர் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அப்பா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "உங்கம்மா ஊட்டுக்கு விருந்தாளியாட்டம் வாரா. விருந்தாளிகதான் ஊட்டுக்காரங்களாட்டம் இருக்காங்க" என்பார்.

அம்மாவின் வேலைமுறையை நான் கவனித்திருக்கிறேன். விசாரணைக்கு அழைக்கப்பட்டவரைத் தனியாக உள்ளே அனுப்பமாட்டார். அறைக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்காருவார். கூப்பிட்டதும் ஓடாதே, தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்பார். குற்றச்சாட்டை எழுத்தில் கேள், பதிலை வீட்டுக்குப் போய் எழுதித் தருவதாகச் சொல், யாராவது சொல்லச் சொல்ல எதையும் எழுதாதே என்பார். பிறகு கூடவே உள்ளே போவார். அனுமதி இல்லை என்றால் கதவையாவது திறந்து வைக்கச் சொல்லி, உள்ளே இருப்பவர் கண்ணில் படும்படி நிற்பார்.

உண்மையாகவே தவறு செய்தவர்களுக்கும் இதே முறைதான். பள்ளிக்குக் குடித்துவிட்டு வந்ததாகப் புகாருக்கு ஆளான ஒருவரோடு அம்மா போனபோது, தேர்வு விடுமுறை என்பதால் நானும் பேருந்தில் கூட இருந்தேன்.

"ஏனுங்க சார், ஏலக்காய மென்னுட்டு வந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பாயசமாட்டம் மணக்கறீங்க" என்றார் அம்மா. பேருந்தே திரும்பிப் பார்த்தது.

"இனிமே இல்லீங்கக்கா."

"அதை எங்கிட்டச் சொல்லாதீங்க. உங்க வகுப்புப் புள்ளைங்ககிட்டச் சொல்லுங்க."

இவருக்கெல்லாம் எதற்குத் துணை போகிறீர்கள் என்று திரும்பி வரும்போது கேட்டேன். "தப்பு செஞ்சா தண்டனை வாங்கட்டும் அம்மிணி. ஒத்தையா வாங்க வேண்டாம்" என்றார்.

இப்படிப்பட்ட அம்மா ஒரே ஒரு முறை, ஒரே ஒருவரைத் தனியாக அனுப்பினார். அவர் செல்வராணி டீச்சர். அந்த விவரம் இந்த மலரில் வேண்டாம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அதை விட்டுவிட்டால் இது அம்மாவைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

செல்வராணி டீச்சர் பணியாற்றிய சிறிய பள்ளியின் இரும்புக் கேட் கீல் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. பலமுறை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லியும் சரிசெய்யப்படவில்லை. ஒருநாள் மதிய உணவு வேளையில் ஒரு மாணவன் அதில் தொங்கி ஆட, கேட் அவன்மேல் விழுந்து கால் முறிந்தது. இன்னொரு ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்ததால் அன்று பள்ளியில் டீச்சர் மட்டுமே இருந்தார். அவரே பையனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். பையன் பின்னாளில் குணமாகி நன்றாக நடந்தான். ஆனால் பொறுப்பை யார்மேல் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. விசாரணைக்கு டீச்சரை அழைத்தார்கள்.

அதற்கு முன், விசாரிக்கவிருந்த கல்வி அலுவலர் அம்மாவை அழைத்துப் பேசினார். நல்லவராகவே அதுவரை நடந்துகொண்டவர். "சும்மா ஒரு சம்பிரதாயங்க டீச்சர். நீங்க வந்தா சங்கப் பிரச்சினையாட்டம் ஆயிடும். அவங்க மட்டும் வரட்டும், நான் பார்த்துக்கறேன்" என்றார். அலுவலரோடு உள்ள நல்லுறவும் ஒரு சங்கப் பிரதிநிதிக்குக் கருவிதான். எத்தனையோ பேருடைய சிக்கல்கள் அந்த நல்லுறவால் சத்தமில்லாமல் தீர்ந்திருக்கின்றன. அம்மா நம்பினார். செல்வராணி டீச்சரிடம், "நான் பேசிட்டேன். தைரியமாப் போயிட்டு வாங்க" என்றார்.

அன்று மாலை இராசிபுரம் பேருந்து நிலையத்தில் அம்மா டீச்சருக்காகக் காத்திருந்தார். டீச்சர் நிம்மதியான முகத்தோடுதான் பேருந்திலிருந்து இறங்கினாராம். அந்த முகத்தைத்தான் அம்மாவால் கடைசிவரை மறக்க முடியவில்லை.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலீங்கக்கா. அவங்க சொல்லச் சொல்ல எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னன்னு எழுதுனீங்க?"

"என்னோட கவனக்குறைவாலதான் நடந்துச்சுன்னு. நீங்கதான் பேசிட்டேன்னு சொன்னீங்களே. பேசி வெச்சது இதுதானாட்டம் இருக்குதுன்னு எழுதிட்டேன்."

கேட்டைப் பற்றி அந்த வாக்குமூலத்தில் ஒரு சொல்கூட இல்லை. டீச்சர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அம்மா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வழக்கறிஞரை வைத்தார். கடைசியில் டீச்சருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் மலைமேல் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். தலைமையாசிரியை ஆகும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. அம்மா நீட்டிய காகிதங்களிலெல்லாம் டீச்சர் கையெழுத்திட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை திரும்பக் கிடைத்ததும் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டார்.

அதன்பிறகு "பேசிட்டேன்" என்ற சொல்லை அம்மாவின் வாயில் யாரும் கேட்டதில்லை. காய்காரரிடம் விலை பேசினாலும்கூட அந்தச் சொல் வராது. மூடிய கதவு எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தம்பி சேலத்தில் ஒரு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனபோது கூடவே போய், வாசலில் காவலாளியின் ஸ்டூலை வாங்கிப்போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, நான் என்ன மெமோ வாங்கிட்டா போறேன்?" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போன பிள்ளையின் நிழல் தெரிகிறதா என்று கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கல்லீரல் நோய் தெரியவந்தபோது முற்றியிருந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேன் கருவிகளைப் பொருத்திச் சரிபார்ப்பது என் தொழில். கதவின்மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் நோயாளி தவிர யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அம்மாவை ஸ்கேன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒத்தையா அனுப்பாத சாமி" என்றார். விதிப்படி நான் வெளியே நின்றேன். அந்தக் கதவு மூடும் விதம், அதன் கனம், உள்ளே இருக்கும் ஈயத் தகடு எல்லாம் எனக்குத் தெரியும். இப்போதும் வேலைக்காக அப்படி ஒரு கதவை மூடும்போது என் மணிக்கட்டில் அந்தப் பிடி இருக்கிறது.

கடைசி நாட்களில் அம்மாவுக்கு நினைவு வந்து வந்து போயிற்று. நினைவு வரும்போதெல்லாம் அறையின் கதவைப் பார்த்து ஒன்றைத்தான் கேட்டார்: "செல்வராணி உள்ள போயிட்டாளா?"

முதலில் செவிலியர் ஒருவர்தான், விவரம் ஏதும் தெரியாமலே, "இல்லீங்கம்மா, வெளியதான் உக்காந்திருக்காங்க" என்றார். அம்மாவின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. தூங்கினார். அதன்பிறகு அப்பாவும் தம்பியும் நானும் அதையே சொன்னோம். வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் கூப்பிடவில்லை. நீங்கள் தூங்குங்கள். சொல்லிச் சொல்லி, அறையை விட்டு வெளியே வரும்போது அந்த நடைவழிப் பெஞ்சை நாங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது.

நான் செல்வராணி டீச்சரைத் தொலைபேசியில் அழைத்தேன். அம்மா உங்களையே கேட்கிறார், ஒருமுறை வந்து முகம் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். "கோவமெல்லாம் இல்லைன்னு சொல்லிருங்க அம்மிணி. ஆனா என்னால வரமுடியாதுங்க" என்றார். அவர் வரவில்லை. அம்மா கதவைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

கருமாதி அன்று டீச்சர் வந்தார். பந்தலில் இடம் இருந்தும் வாசலை ஒட்டி இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அன்னைக்கு உங்கம்மா வந்திருக்கணும் அம்மிணி" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

மருத்துவமனையில் அம்மா கேட்டதையும் நாங்கள் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"நான் வெளியதான் உக்காந்திருக்கேன்னா சொன்னீங்க?"

"தினமுங்க."

அப்போது என் கையிலிருந்த அம்மாவின் செல்பேசி ஒலித்தது. சேதி தெரியாதவர்கள் அப்போது தினமும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஓர் ஆசிரியை பேசினார். விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறதாம். "அக்கா இருக்காங்களா? நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. ஒண்ணும் இல்ல, சும்மாதான்னு சொல்றாங்க. தனியா வந்தாப் போதுமாம்" என்றார். நான் அம்மா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வராணி டீச்சர் கையை நீட்டினார்.

"எந்த ஊருங்க கண்ணு?... சரி. நான் வாரேன். நீங்க உள்ள போகாதீங்க. நான் வர்ற வரைக்கும் வெளிய பெஞ்சுலயே உக்காந்திருங்க. கூப்புட்டா, ஆள் வருதுன்னு சொல்லுங்க. யாராச்சும் சொல்லச் சொல்ல எதையும் எழுதாதீங்க."

அது அப்படியே அம்மாவின் பேச்சு. பந்தலில் இருந்தவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா இலை எடுப்பதை நிறுத்திவிட்டு நின்றார்.

அம்மாவை மன்னித்துவிட்டீர்களா என்று நான் டீச்சரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பேருந்துக்குப் போகவேண்டும் என்று சாப்பிட்டதும் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்தப் போன் எங்கிட்டயே இருக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

அம்மாவின் நோய்க்காலத்தில் உடனிருந்த மருத்துவர்களுக்கும், உண்மையைவிட ஆறுதலான ஒரு சொல்லை எங்களுக்குக் கற்றுக்கொடுத்த செவிலியருக்கும், இறுதி ஊர்வலம் கடக்கும்வரை தறிகளை நிறுத்தி வைத்த எங்கள் தெருவாசிகளுக்கும், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து தோள் கொடுத்த ஆசிரியர்களுக்கும், பந்தலில் கடைசிவரை நின்று பரிமாறிய சித்தப்பா, மாமா வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. செல்வராணி டீச்சருக்கு நன்றி சொல்ல எங்களுக்கு இன்னும் உரிமை வரவில்லை என்றே நினைக்கிறேன். அவர் பெயரை இங்கே எழுதிவைக்கிறேன்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவின் எண் மாறவில்லை. உங்களை யாராவது தனியாக வரச்சொன்னால் அந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். ஆள் வரும்.