தொண்டைப் புண் என்று நான் சொன்னது

என் மனைவி இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மகளின் பள்ளித் தோழிகள் சிலர் அவளுக்கு இரங்கல் செய்தி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருத்தி, 'பாவம், கடைசிவரை பேச்சு வராமலே போய்விட்டார்களே' என்று எழுதியிருந்தாள். மகள் அதை என்னிடம் காட்டினாள்.

என் மனைவிக்குப் பேச்சு வரும். நன்றாகவே வரும். அவளை ஊமையாக்கியவன் நான். அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். சேலத்தில் பி.ஏ. படித்தவன், கணக்கு எழுதும் ஆபீஸ் வேலை. மேட்டில் முதலாளியின் பங்களா, பள்ளத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகள், இரண்டுக்கும் நடுவில் எங்கள் குவார்ட்டர்ஸ். பங்களாக் குழந்தைகள் டவுனில் இருந்த ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். அவர்களுடைய அப்பாவும் அங்கேதான் படித்தவர். லைன் குழந்தைகள் பஞ்சாயத்துப் பள்ளிக்குப் போனார்கள். நடுவில் இருந்த எங்கள் மகள் எங்கே போக வேண்டும் என்று யாரும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. என் தாத்தா சமவெளியிலிருந்து காப்பி பறிக்க மலையேறியவர். அப்பா லைன் வீட்டில் பிறந்தவர். ஒரு தப்பு செய்தால் மகள் மறுபடி பள்ளத்துக்கு இறங்கிவிடுவாள் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தைத்தான் நான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி வாழவந்திக்காரி. எட்டாவது வரை படித்தவள். சத்தமாகப் பேசுவாள், பேச்சோடு பேச்சாகச் சிரிப்பாள். ஆங்கிலம் தெரியாது. பள்ளியில் அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், அம்மாவுக்கு ஆங்கிலம் வராவிட்டால் சீட்டு கிடைக்காது என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். அது உண்மைதானா என்று நான் விசாரிக்கவில்லை. நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளிடம் என் யோசனையைச் சொன்னேன். முதலில் சிரித்தாள்.

"ஏனுங்க, நான் வாயத் தொறந்தா புள்ளைக்கு சீட்டுக் குடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க" என்றேன்.

"அப்பச் சரிங்க. தொறக்கல."

மறுநாள் காலையில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து, தானே கழுத்தில் பற்றுப் போட்டுக்கொண்டாள். அது அவளுடைய யோசனை. பார்க்கிறவர்கள் நம்ப வேண்டாமா என்றாள்.

தலைமை ஆசிரியை வயதானவர். என்னிடம் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, நல்ல தமிழில், பாப்பா காலையில் என்ன சாப்பிடுவாள், அழாமல் எழுந்திருப்பாளா என்று கேட்டார்.

மனைவியின் முகம் மலர்ந்தது. அவளுக்குப் பதில் தெரிந்த கேள்வி அது. உலகத்தில் அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாத கேள்வி. வாயைத் திறக்கப் போனவள் என்னைப் பார்த்தாள். நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். தொண்டையில் புண், பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டிப் புன்னகை செய்தாள். ஐந்து வயது மகள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பொய்க்கு அவசியமே இருக்கவில்லை என்பது அந்த நாற்காலியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எழுந்து உண்மையைச் சொன்னால் நான் எப்படிப்பட்டவனாகத் தெரிவேன் என்ற கூச்சம். சீட்டு கிடைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், அம்மாவுக்குத் தொண்டை வலிக்கிறதா என்று மகள் கேட்டாள். பள்ளியில் யார் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லச் சொன்னேன்.

அதோடு முடிந்திருக்கலாம். பெற்றோர் கூட்டங்களுக்கு நான் தனியாகப் போனேன். மனைவியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆசிரியைகள் விசாரித்தால், அப்படியேதான் இருக்கிறது என்பேன். அதற்கு மேல் சொன்னதில்லை. மிச்சத்தை அவர்களே நினைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பேச வராது என்று மகள் தோழிகளிடம் சொல்லியிருந்தாள். அது தெரிந்தபோது நான் திருத்தவில்லை.

பள்ளியின் காவலாளி ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். செம்மநத்தத்துக்காரர். ஒரு கூட்டம் முடிந்து வெளியே வந்த என்னை கேட்டில் நிறுத்தி மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க ரைட்டரய்யா, சந்தையில அம்மா பீன்ஸ்காரன அந்த வாங்கு வாங்குறாங்க. இங்க வந்தா மட்டும் என்னங்க ஆயிருது?"

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நடந்தேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டிலும் வேறு சட்டம் இருக்கவில்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் மகள் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். அந்த நேரத்தில் மனைவி அடுப்படியில் இருப்பாள். தோழிகள் வந்தால் மகளைக் கண்ணு, சாமி என்று கூப்பிடக் கூடாது. அப்படிக் கூப்பிடாமல் இருப்பது எப்படி என்று தெரியாததால், தோழிகள் வந்தால் அவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். சந்தேகம் கேட்க, கையெழுத்து வாங்க, சண்டை போடக்கூட மகள் என்னிடமே வந்தாள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதே வீண்.

மகள் ஆறாவது படிக்கும்போது ஒரு நாள், விளையாட்டு விழாவுக்கான வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை மறந்துவிட்டுப் போனாள். நான் ஆபீசில் இருந்தேன். மனைவி ஷூவை மடியில் சுற்றிக்கொண்டு மழையில் நடந்தே போயிருக்கிறாள். கேட்டில் ஆசிரியையும் மகளும் வந்து நின்றிருக்கிறார்கள். இவள் ஒரு வார்த்தை பேசாமல், கையைக் காட்டி, தலையை ஆட்டி, ஷூவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். சாயங்காலம் மகள் ஓடிவந்து என்னிடம் சொன்னாள்:

"அப்பா, இன்னிக்கு அம்மா கரெக்டா இருந்தாங்கப்பா. ஒண்ணுமே பேசல."

மனைவி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். மகள் பாராட்டியதைக் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மகளின் கல்யாண வரவேற்பு சேலத்தில் நடந்தது. பள்ளித் தோழிகள் மேடையேறியபோது, யாரும் சொல்லாமலே என் மனைவி வாயை மூடிக்கொண்டாள். வாழவந்தியிலிருந்து வந்திருந்த அவள் தம்பி பயந்துபோய், அக்காவுக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் ஓடிவந்தான். அசதி என்றேன். நானும் மேடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தோழிகளிடம் சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை.

பிறகு மகள் பெங்களூரில் இருந்தாள். வாரம் ஒரு முறை போன் செய்வாள். என்னோடு பேசுவாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள், நன்றாக இருக்கிறாள் என்பேன். வந்தால் இரண்டு நாள் தங்குவாள். அம்மா சமைத்ததைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்பாள். இருவருக்கும் சண்டை கிடையாது. பேசிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வருஷத் திதி முடிந்த மறுநாள் நானும் மகளும் வாடகைக் காரில் வாழவந்திக்குப் போனோம். மச்சான் காப்பி கொடுத்தான். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு மகளைக் கேட்டான்:

"அக்கா பேசுனது எங்கிட்ட இருக்குது கண்ணு. கேக்கறியா?"

என் மனைவிக்குப் போனில் எழுத வராது. அதனால் தினமும் காலையில் தம்பிக்குக் குரலாகவே அனுப்பியிருக்கிறாள். இரண்டு வருடத்துப் பேச்சு. எனக்கு அது தெரியாது. அவன் ஒன்றைத் தொட்டான். அவள் குரல் வந்தது.

"ஏண்டா தம்பி, மாடு கன்னு போட்டுச்சா இல்லியா? போன வாரம் பாத்தப்ப அது வயிறு பெருசா உன் வயிறு பெருசான்னே தெரியல எனக்கு."

மகள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அடுத்ததில் என்னைப் பற்றி. "எங்கூட்டு பி.ஏ. பேப்பரை மூஞ்சி மேல போட்டுட்டுத் தூங்குதுடா. நியூஸு நேரா மண்டைக்குள்ள எறங்குதாமா." அதற்கும் சிரித்தாள். மச்சான் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனான். மிளகுக்கொடி, பக்கத்து வீட்டுச் சண்டை, குப்பனூர்ப் பக்கம் பஸ் நின்றுபோன கதை. மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ புதிதாக அறிமுகமானவரைப் பார்ப்பது போல இருந்தது அது.

பிறகு ஒன்று வந்தது.

"நேத்து பாப்பா போன் பண்ணுச்சுடா. அவங்கப்பாகிட்டப் பேசுச்சு. நானும் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். என்ன பேசறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சு வச்சிருந்தேன். குடுங்கன்னு கேக்கலாம்னு பாக்கறதுக்குள்ள அவரு வச்சுட்டாரு. செரி, அத வுடு, மிளகு காஞ்சிருச்சா?"

குரலில் வருத்தம் இல்லை. மிளகைப் பற்றிப் பேசிய அதே குரல்தான்.

மச்சான் போனைக் கவிழ்த்து வைத்தான். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா பக்கத்துல நின்னது உங்களுக்குத் தெரியுமாப்பா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"தெரியும்" என்றேன். "எப்பவும் நிப்பா. உங்கிட்டப் பேச அவளுக்கு என்ன இருக்கப்போகுதுன்னு நெனச்சேன்."

அவள் கோபப்படவில்லை. மாமாவிடம் எல்லாவற்றையும் தனக்கு அனுப்பச் சொன்னாள். ஒன்று விடாமல் என்று இரண்டு தடவை சொன்னாள். அனுப்பி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை நான் வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றேன்.

திரும்பும்போது நான் முன்சீட்டில், அவள் பின்னால். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு தடவை சிரித்தாள். பிறகு வெகுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. எனக்கும் கேட்கும்படி போடு என்று நான் கேட்கவில்லை. அவளாகவும் போடவில்லை.