தெருவிலிருந்து தெரிய வேண்டும்

என் அக்கா புருஷனை ஊரில் எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எலக்ட்ரீஷியன். சட்டைப்பையில் பேனா இருக்காது, இடுப்பில் ஒரு மஞ்சள் மீட்டர் தொங்கும். "கரண்டு வருது" என்று யாராவது சொன்னால் அது அவர் காதில் ஏறாது. "எவ்வளவு வருது?" என்பார். பெண் பார்க்க முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அக்காவைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தார். எழுந்து போய் மீட்டரை வைத்தார். "எர்த் இல்ல" என்றார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பின் பலனைப் பதினாறு வருஷமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பமும் டைப் அடித்துத் தருவேன். அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத விதியெல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் கையெழுத்து மட்டும்தான் போடுகிறார்கள், படிப்பவன் நான்.

புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் சோலார் பேனல் இருந்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. விதி நல்ல விதிதான். அதைப் பற்றி விவாதிக்க டவுன் ஹாலில் கூட்டம் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் கெட்டது. வாசலிலேயே ஒரு மேஜையில் இரண்டு நோட்டு. ஒன்று ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. ஏதாவது ஒன்றில் பெயர் எழுதினால்தான் உள்ளே பேச முடியும்.

முதலில் பில்டர்கள் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "வீட்டு விலை ஏறிடும். ஏழை எங்க சார் போவான்?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். அவர் ஏழைக்குக் கட்டிக்கொடுத்த வீடு ஒன்றையும் நான் கண்டதில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து எடுக்கும் கோப்பை மாதிரி, ஏழையை இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு மட்டும் வெளியே எடுப்பார். அடுத்து பேனல் வியாபாரி. "சூரியன் இலவசம்" என்று ஏழு தடவை சொன்னார். எண்ணினேன். சூரியன் இலவசம்தான், இவர் இல்லை. இருவரும் மாறி மாறி இரண்டு மணி நேரம் கத்தினார்கள். அந்த மேடையில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு பேனலைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர் இல்லை.

கடைசியில் மீட்டர் மாமா, எந்த நோட்டிலும் பெயர் எழுதாமலே, எழுந்தார். "பேனல் வைக்கச் சொல்றது சரிதான். ஆனா பேனல் இருக்கான்னு பாக்காதீங்க, கரண்டு வருதான்னு பாருங்க. மாடி ஏறி, மீட்டர் வச்சுப் பாத்துட்டு சர்டிபிகேட் குடுங்க. அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் கை தட்டவில்லை. அந்த மனிதர் யார் பக்கம் என்று தெரியாமல் எப்படிக் கை தட்டுவது? வாசலில் இருந்த குமாஸ்தா எங்களிடம் வந்து, "நீங்க எந்த நோட்டு சார்?" என்றார். மாமா, "ரெண்டும் இல்லை" என்றார். குமாஸ்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, நடுவில் ஒரு 'ஆனா' வந்ததால் எதிர்ப்பு நோட்டில் எழுதிக்கொண்டார்.

விதி நிறைவேறியது. வீடு முடிந்ததும் பேனலைச் சரிபார்த்து முடிவுச் சான்றிதழ் தர வேண்டிய அதிகாரி ஒருவர் இருந்தார். கனமான உடம்பு, மோசமான முழங்கால். மாடிப்படி என்றாலே அவருக்கு மூச்சு வாங்கும். அதனால் அவர் தன் பங்குக்கு விதியில் ஒரு வரி சேர்த்தார்: பேனல் தெருவிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், தெருவில் நின்று எடுத்த போட்டோ இணைக்கப்பட வேண்டும். அந்த வரியை டைப் அடித்தவன் அடியேன்தான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்போது சங்கத் தலைவர் பள்ளி மைதானத்துக்கு எதிரில் ஒரே வரிசையாகப் பதினெட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஏழை எங்கே போவான் என்று கேட்டவர், பேனலோடு சேர்த்து விலையை ஏற்றி விற்றுத் தீர்த்தார். எல்லாம் ஒரே பிளான். மாடிப்படி அறை தெருப்பக்கம், அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. வெயில் வருவது வீட்டின் பின்பக்கமிருந்து. பின்னால் பேனல் வைத்தால் நாள் முழுக்கக் கரண்டு வரும், ஆனால் தெருவிலிருந்து தெரியாது. முன்னால் வைத்தால் ஜோராகத் தெரியும், ஆனால் படிக்கட்டு அறையும் தொட்டியும் வெயிலை மறைத்துவிடும். தலைவர் முன்னால் வைக்கச் சொன்னார்.

மாமாவிடம்தான் முதலில் வேலை வந்தது. விண்ணப்பத்தின் அடியில் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு மேலே ஒரு வாக்கியம்: 'சூரிய ஒளி தடையின்றிப் படும் இடத்தில் பேனல்களைப் பொருத்தியிருக்கிறேன்.' மாமா அதை வாசித்தார். மாடிக்குப் போய் நிழலில் ஒரு பேனலைச் சாய்த்து மீட்டரை வைத்தார். இறங்கி வந்து, "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டூல் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பதினெட்டு வீட்டு வேலை, அப்படியே கைவிட்டுப் போயிற்று. வேறு ஒருவர் வந்து, வாசிக்காமல் பதினெட்டுக் கையெழுத்தும் போட்டார். அதிகாரி மைதானத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதினெட்டு சர்டிபிகேட்டும் ஒரே சாயங்காலத்தில் கொடுத்தார். இடம் அவருக்கும் பிடித்துப்போயிருக்க வேண்டும். பதினோராம் எண் வீட்டை அவரே வாங்கினார். வரிப் புத்தகத்தில் பெயர் மாற்றும் விண்ணப்பமும் என் கடையில்தான் டைப் ஆயிற்று.

அதே வரிசையின் கடைசித் துண்டு மனை மாமாவுடையது. பல வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. அங்கேதான் அக்காவுக்கு வீடு எழும்பியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பழைய மர அலமாரியைத் தூக்கிக்கொண்டு போவாள், ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு கீல் கழன்றுகொள்ளும். இனி எங்கும் தூக்க வேண்டாம் என்று வாடகை வீட்டைக் காலி செய்து சாமான்களோடு வந்து இறங்கினாள்.

மாமா நாலு பேனலையும் பின்பக்கம், வெயிலில் வைத்தார்.

அதிகாரி வந்தார். தெருவில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். "பேனல் தெரியலையே."

"பின்னால இருக்கு சார். மேல வாங்க, காட்டறேன்."

"மேல வர்றதுக்கு விதியில்ல மீட்டர். தெரியணும். தெரியல."

சர்டிபிகேட் இல்லையென்றால் மின் இணைப்பு இல்லை. இணைப்பு இல்லாமல் பேனலை ஓட்டவும் அனுமதி இல்லை. ஊர் முழுக்க விளக்கு எரிய வைத்த மனிதனின் வீட்டில் மூன்று வாரம் மெழுகுவத்தி எரிந்தது. சங்கத் தலைவர் வழியில் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேர வேலை மீட்டர். முன்னால தூக்கி வச்சு போட்டோ எடுத்துட்டு மறுபடி பின்னால வச்சுக்க" என்று உபதேசம் செய்துவிட்டுப் போனார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதையேதான் சொன்னேன்.

"அந்தப் பதினெட்டுக்கு மாட்டேன்னுட்டு, என் வீடுன்னா மட்டும் போடலாமா மச்சான்?" என்றார் மாமா.

அக்கா விடவில்லை. "ஏங்க, உங்க நேர்மைய அடுப்புல போட்டா தண்ணி சுடுமா? பசங்க இருட்டுல படிக்குதுங்க. இதுலருந்து பத்தாவது வாடகை வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?" மாமா தலையைக் குனிந்துகொண்டு மீட்டரைத் துடைத்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மறுநாள் மாமா வேலைக்குப் போன பிறகு, அக்கா அந்தப் பழைய அலமாரியின் நாலு கதவையும் கழற்றினாள். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய கருநீலப் பெயிண்டைப் பூசினாள். காய்ந்ததும் மாமாவின் அளவு டேப்பை வைத்து, சாக்கட்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டாள். மாடியில் முன்பக்கக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். பிறகு என் கடைக்கு போன் செய்து, "அதிகாரிய வரச் சொல்லுடா" என்றாள்.

அதிகாரி வந்தார். தெருவில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். போட்டோ எடுத்தார். "இதத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். நாலாம் நாள் சர்டிபிகேட் வந்தது: 'நான்கு பேனல்கள், நல்ல நிலையில் இயங்குகின்றன.' இணைப்பு கொடுக்க அடுத்த வாரம் தேதி குறித்துவிட்டார்கள். அக்கா அதைப் பத்து தடவை படித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தேன்.

மாமா சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். மாடிக்குப் போய்விட்டு வந்தார். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு நடந்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். இந்த மனுஷன் கையிலிருக்கும் வீட்டைக் கெடுக்கப் போகிறார்.

"சார், நீங்க சர்டிபிகேட் குடுத்தது எங்க வீட்டு அலமாரிக்கு" என்றார்.

அதிகாரி அறைக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேற யாருக்குத் தெரியும்?"

"பேனல் பின்னால இருக்கு. சோதிச்சுப் பாத்தேன், நல்லா ஓடுது. வந்து பாத்துட்டு வேற குடுங்க. இல்லன்னா இத ரத்து பண்ணுங்க."

ரத்து செய்தால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் ஊர் சிரிக்கும். அதிகாரி எழுந்தார். அவர் எழுந்தது கடமைக்காக அல்ல, பயத்தில்தான். அதற்காக நான் அவருக்குப் பூமாலை போட முடியாது.

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரோடு பின்னால் போனாள். மத்தியானம் இரண்டு மணி. மாமா பின்பக்கம் கூட்டிப்போய், சோதனைக்கு ஸ்விட்சைப் போட்டு ஒயரில் மீட்டரை மாட்டிக் காட்டினார். எண் ஏறி நின்றது. அதிகாரி குனிந்து படித்தார். பிறகு முன்பக்கம் வந்து அலமாரிக் கதவைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சாக்கட்டி ஒட்டியது.

விரலைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கிருந்து வரிசை முழுக்கத் தெரிந்தது. பதினெட்டு மாடி, பதினெட்டுத் தொட்டி, பதினெட்டு நிழல். நிழலுக்குள் பேனல்கள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அது என் வீடு."

"ஆமா சார்."

"மாசாமாசம் பில் குறையவே இல்ல. மட்டமான பேனல்னு நெனச்சேன்."

"பேனல் நல்ல பேனல்தான் சார்."

அதிகாரி அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தார். "அதப் பின்னால மாத்திக் குடுக்க முடியுமா?"

மாமாவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. உள்ளதைத்தான் சொன்னார். "ஒரு காலை நேர வேலை. ஆனா தெருவுலருந்து தெரியாதே சார்."

அக்காவின் சர்டிபிகேட்டில் புதுப் போட்டோ ஏறியது, மாடியில் எடுத்தது. ஓரத்தில் அதிகாரி பேனாவால் 'மேலே ஏறிப் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொன்ன தேதிக்கு இணைப்பு வந்தது. அலமாரிக்குக் கதவுகள் திரும்பிப் போயின. கட்டங்களை அழிக்க அக்கா விடவில்லை.

பத்து நாள் கழித்து அதிகாரி என் கடைக்கு வந்தார். பதினோராம் எண் வீட்டின் உரிமையாளர் என்ற முறையில், பேனலைப் பின்பக்கம் மாற்ற விதிவிலக்கு கேட்டு ஒரு விண்ணப்பம் டைப் அடிக்க வேண்டுமாம்.

"யாருக்கு சார் போடணும்?" என்றேன்.

தன் அலுவலகத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன்னுடைய பதவியையே சொன்னார்.

அடித்துக் கொடுத்தேன். எழுத்துப் பிழை இல்லை. "தெருவுலருந்து எடுத்த போட்டோ ஒண்ணு இணைக்கணும் சார்" என்றேன். "பதில் வர ஒரு மாசம் ஆகும்."

அவர் தலையாட்டிவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு எதிரிலிருந்த தன் அலுவலகத்துக்குள் போனார்.