கல்லறை வாய்க்காலில் ஒரு ஞானஸ்நானம்

பொறுமையை மறதியின் இன்னொரு பெயர் என்று எண்ணுவோர் உளர். பொறுமை எதையும் மறப்பதில்லை. தன் நாள் வரும்வரை திரியைத் தாழ்த்தி வைத்திருக்கும், அவ்வளவே. பாபநாசத்துக்கு வடக்கே நடவாளாய் வாழ்வைத் தொடங்கிய அம்சம் அம்மாளிடம் இருந்தது அத்தகைய பொறுமை. பதினாறு ஆண்டுகள் அதை அவர் வளர்த்தார்.

1982 ஐப்பசியில் அவர் கணவர் இராஜாங்கம் இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு ஒரே வழி, மிராசுதார் பஞ்சநதத்தின் வயலை ஒட்டிய வாய்க்கால் கரை. தம் வரப்போரம் பிணம் போகலாகாது என்று அவர் காலையிலேயே மதகைத் திறக்கச் செய்தார். வழி மூழ்கியது. சுமந்தவர்களுள் ஒருவர் கால் வழுக்க, பாடை சரிந்து இராஜாங்கத்தின் முகம் சேற்றில் புதைந்தது. அம்சம் முந்தானையால் அதைத் துடைத்தார். அழவில்லை. மதகடியில் குடை பிடித்து நின்றவரை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

காலம் புரண்டது. மகன் தமிழ்மாறன் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனான். கூரை வீடு மாடி வீடாயிற்று. பஞ்சநதத்தின் பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள், திரும்பவில்லை. அவர் மனைவி ஆனந்தவல்லி படுக்கையில் விழுந்தபோது ஏந்திக் குளிப்பாட்டியவர்கள் அம்சத்தின் சபையான பிரார்த்தனை வீட்டுப் பெண்களே. அந்த அம்மாள் மறைந்தபின் பஞ்சநதம் சபையின் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். சில மாதங்களில் ஞானஸ்நானமும் கேட்டார்.

அச்சபையில் ஒரு முறைமை உண்டு. தண்ணீரில் இறங்குபவர் சபையாரில் எவருக்கேனும் தீங்கிழைத்திருந்தால், தீங்குற்றவரே அவரைக் கைப்பிடித்து இறக்க வேண்டும். அந்தக் கை நீளாதவரை முழுக்கு இல்லை.

அம்சத்தின் கை மூன்று ஆண்டுகள் நீளவில்லை. போதகர் வந்து கேட்கும்போதெல்லாம் காப்பி கொடுத்து, சிங்கப்பூர் மழையைப் பற்றிப் பேசி அனுப்பினார். ஞாயிறுதோறும் ஒருமுறை திரும்பி, கடைசிப் பாயில் மடங்கிக் கிடந்த அந்த முழங்கால்களைப் பார்ப்பார். அந்த இன்பத்தைக் கடவுளிடமும் அவர் மறைக்கவில்லை. ஆண்டவரே, இன்னும் கொஞ்ச நாள் என்றே ஜெபித்தார்.

1998 ஆவணியில் செய்தி வந்தது: பஞ்சநதத்தைப் பிள்ளைகள் ஒரேயடியாக அழைத்துக்கொள்கிறார்கள். அம்சம் எண்ணிப் பார்த்தார். இராஜாங்கம் யாரென்று அங்கே எவருக்கும் தெரியாது; எந்தச் சபையும் கேள்வியின்றி முழுக்கிவிடும். மறுநாளே போதகர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"காவிரியில வேணாங்க ஐயா. கல்லறை வாய்க்கால்ல வச்சுக்குவோம். மதக நானே திறந்து விடுறேன்."

அப்படியே திறந்தார். முழங்கால் தண்ணீரில், எழுபது வயதுக் கிழவரைக் கைப்பிடித்து நடத்தினார். ஒரு காலத்தில் 'ஆண்டை' என்று மட்டுமே விளித்த வாய் அன்று பெயரைச் சொன்னது.

"பாத்து வாங்க, பஞ்சநதம். இங்கதான் வழுக்கும்."



போதகர் வசனம் சொல்ல, மண்டியிட்டவரின் தலையை இருவர் கையும் தண்ணீருக்குள் அழுத்தின. போதகரின் கை மேலே வந்தது. அம்சத்தின் கை வரவில்லை. உள்ளங்கையின் கீழ் அந்தத் தலை துடிக்கும் என்று பதினாறு ஆண்டுகள் எதிர்பார்த்திருந்தார் அம்சம். அது துடிக்கவில்லை, இன்னும் அழுத்து என்பதுபோல் அசையாமல் இருந்தது.

கையை எடுத்தார்.

இருமிக்கொண்டே எழுந்தவர், "நீ எடுக்காட்டியும் ஏன்னு கேட்டிருக்க மாட்டேன், அம்சம்மா" என்றார்.

"தெரியும். அதான் எடுத்தேன். நான் மன்னிச்சுட்டேன்னு அமெரிக்காவுல போய்ச் சொல்லாதீங்க. இந்தச் சேத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

எழுந்தவுடன் துண்டு கொடுப்பது வழக்கம். அம்சம் அதைக் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டார். சேறு வழிந்த முகத்தோடு வழி முழுதும் அவரை நடத்தி, தெருமுனைக்கு வந்த பிறகே நீட்டினார்.

அம்சம் அம்மாளின் மனை தழைப்பதாக. அவ்வீட்டார் எந்தக் கடலுக்கு அப்பால் வாழினும், அவர்கள் செல்லும் வழியில் எவரும் மதகு திறவாதிருப்பாராக. அவர்கள் கையும் எவர் தலைமேலும் வேண்டிய நொடிக்கு மேல் தங்காதிருப்பதாக.