நிறுத்தக் கூடாது

குமுளியில் நாலு பேர் பார்க்க நான் கண்டபடி திட்டிய ஒரு மனிதருக்கு இன்றுவரை மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் பஸ் நிலையத்தருகே எங்கள் பலகாரக் கடை இருந்தது. மலைக்குளிர் என் வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இளைப்பு. கடையை விற்றுவிட்டுக் கீழே கம்பத்துக்கே போய்விட முடிவு செய்தோம். வாங்க வந்தவர் கோட்டயம் பக்கத்து மலையாளி. விற்பனைக் கரார் எழுதிய அன்று நான் வாய்விட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எங்களுக்கு மாவாட்டிய அக்கா, எஸ்டேட்டில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். கடையின் பின்னறைதான் அவருக்கு வீடு. வேறு நாதியில்லை.

“அக்காவை மட்டும் நிறுத்திரக் கூடாதுங்க” என்றேன்.

“இல்ல, நிர்த்தில்ல” என்று என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துச் சொன்னார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரமே அக்கா துணிமூட்டையோடு கம்பத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றார். “போகச் சொல்லிட்டாரு தாயி.” எனக்கு வந்ததே கோபம்! கிடைத்த பஸ்ஸில் மலையேறினேன். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே, “கைபிடிச்சுச் சொன்ன வார்த்தைய மீறிட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுசனா?” என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கும்வரை ஓயவில்லை.

அவர் திருதிருவென்று விழித்தார். “நிங்ஙளல்லே பறஞ்ஞது, அவரெ நிர்த்தருதென்னு?” நிர்த்தக் கூடாதென்று நான்தானே சொன்னேனாம்.

அங்கிருந்த பஸ் கண்டக்டருக்குச் சிரித்ததில் புரையேறிவிட்டது. அவர்தான் விளக்கினார். நமக்கு ஆளை நிறுத்துவது என்றால் வேலையைவிட்டு அனுப்புவது. மலையாளத்தில் ஆளை நிர்த்துவது என்றால் வேலைக்கு வைத்துக்கொள்வது. நான் ‘அனுப்பாதே’ என்றதை அவர் ‘வைத்துக்கொள்ளாதே’ என்று எடுத்துக்கொண்டு, வார்த்தை தவறாமல் நிறைவேற்றியிருக்கிறார்!

நான் பேசிய பேச்சுக்கு அவர் கோபித்துக்கொண்டு போ என்றிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவரோ கல்லாவைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ் ஏறினார். வழிநெடுக அதே கண்டக்டரிடம் தமிழ் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

எங்கள் வாசலில் நின்று, “அக்கா, என்கூட வாங்க. ஒருநாளும் போகச் சொல்ல மாட்டேன்” என்று பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அக்கா மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். “உளுந்து ஊறப் போட்டாச்சா?”

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“அப்ப நாளைக்குத் தோசைக்கு எங்க போவீங்க? கெளம்புங்க, பஸ்ஸு போயிரும்.”