நான்கு கம்பி போதும் என்றவர்

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குள் போனை எடுத்துப் போக முடியாது. வாசலில் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முடிந்து அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் யார் கூப்பிட்டிருப்பார்களோ என்று பயந்துகொண்டே போனை எடுப்பேன். யாராவது ஒருவர் கூப்பிட்டிருந்தால் வீட்டுச் சாமான் விஷயம் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அன்றைக்குத் திரையில் எங்கள் மெல்லிசைக் குழுவில் இருக்கும் எல்லாருடைய பெயரும் வரிசையாக இருந்தது. முனிரத்தினத்தின் பெயர் மட்டும் இல்லை. யாரையும் திரும்பக் கூப்பிடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பாடகி வனஜாதான் எடுத்தார். "தயாளு, முனிண்ணா போய்ட்டாருப்பா. காலையில நெல்லுக்குத் தண்ணி உடப் போனாரு. மோட்டார் கொட்டாய்ல குந்தினவரு ஏந்திரிக்கவே இல்ல" என்றார். நான் வாசலிலேயே நின்றேன். அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும் என்பதே தெரியாமல் இருக்கலாம். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாவிலோ, கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண வரவேற்பிலோ எங்கள் கச்சேரியைக் கேட்டிருந்தால், டிரம்ஸுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஒருவர், பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டாரை வாசித்திருப்பார். ஒருமுறை கூட நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார். அவர்தான். பேஸ் வாசிப்பவன் நிறுத்தினால்தான் அவன் இருந்தது ஊருக்குத் தெரியும். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவரும் அவர்தான்.

ஒரு குழுவுக்கு எதற்கு இரண்டு பேஸ் என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் எல்லாரும் தொழிற்சாலைக்காரர்கள். அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை, எனக்குத் தேர்வாயில். அவருக்குச் சாயங்கால ஷிப்ட் வரும் வாரம் நான் வாசிப்பேன், எனக்கு வரும் வாரம் அவர். இருவருக்கும் ஓய்வான நாளிலும் முறை வைத்து ஒருவர்தான் வாசிப்போம். அதனால் ஒரே மேடையில் நாங்கள் சேர்ந்து நின்றது மிகக் குறைவு. ஒருவர் வாசித்ததை மற்றவர் கூட்டத்தில் நின்று கேட்டதும், மறுநாள் போனில் வம்பளந்ததும்தான் எங்கள் பழக்கம்.

வம்பு எப்போதும் ஒன்றுதான். அவருடையது நான்கு கம்பி, என்னுடையது ஐந்து. ஐந்து கம்பிக் கிட்டாரில் மேலே இன்னும் தடித்த ஒரு கம்பி கூடுதலாக இருக்கும். நான்கு கம்பி இறங்க முடியாத ஆழத்துக்கு அது இறங்கும். கழுத்தும் அகலம், கனமும் அதிகம். ஒரு கச்சேரி முடிந்தால் எனக்கு இடது தோள் இரண்டு நாள் சொல்பேச்சு கேட்காது. நான் அதை வாங்கியதற்குக் காரணம் ஆசை இல்லை, பயம். பாடுகிறவர் கடைசி நேரத்தில் சுருதியை இறக்கச் சொல்லி, என் கையில் அந்த ஸ்வரம் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். முனிரத்தினம் இதைக் கேட்டுவிட்டு, "இன்னா நைனா நீ, மழ வரும்னு நாலு கொட எடுத்துக்கினு போறவன் மாறி" என்றார். நீங்களும் ஒன்று வாங்குங்களேன் என்று நான் சொன்னதற்கு, "எனக்கு நாலு கம்பிக்கே நெஞ்சு அடிச்சிக்கிது. அஞ்சாவது வேறயா? அத்த யாரு பாத்துக்கிறது?" என்றார்.

பயத்தில் அவரும் எனக்குச் சளைத்தவர் இல்லை என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மேடை ஏறுமுன் அவர் எதுவும் சாப்பிட மாட்டார். நாஷ்டா நீட்டினால் கையெடுத்துக் கும்பிடுவார். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருப்பார். எனக்குக் கம்பி போதாது என்று பயம், அவருக்கு இருக்கும் கம்பியைக் காப்பாற்ற வேண்டுமே என்று பயம். இரண்டில் எது நல்ல பயம் என்பதை நாங்கள் கடைசிவரை பேசித் தீர்க்கவில்லை.

என் ஐந்தாவது கம்பியைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்று உண்மை. வாடகைக்கு வரும் ஸ்பீக்கரில் அந்தக் கம்பியைத் தட்டினால் ஸ்வரம் வராது, கடகடவென்று ஒரு அதிர்வுதான் வரும். "உன் அஞ்சாவது கம்பி ஸ்பீக்கருக்கு மட்டுந்தான் கேக்குது, ஜனத்துக்குக் கேக்கல" என்பார். ஆனால் ஒரு கல்யாணத்தில் வனஜாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, பாட்டைக் கீழே இறக்கச் சொன்னபோது, நான் பயந்தது அப்படியே அவருக்கு நடந்தது. பாட்டின் ஷட்ஜமே, அதாவது அடி ஸ்வரமான ஸ-வே, அவர் கம்பியில் இல்லை. நான் கூட்டத்தில் பிரியாணித் தட்டோடு நின்றிருந்தேன். எனக்குத்தான் வியர்த்தது. அவர் ஒரு கையால் வாசித்துக்கொண்டே, இடையில் கிடைத்த ஒரு மூச்சு நேரத்தில், மேல் கம்பியை முறுக்கும் கீயைத் தளர்த்தி இறக்கினார். கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிட்டது. விரலால் அழுத்தி இழுத்துச் சரிக்கட்டினார். மறுநாள் போனில், "இப்பவாச்சும் ஒரு அஞ்சு கம்பி வாங்குங்கண்ணா" என்றேன். "வாங்குனா அதுக்கும் ஒரு பேஜாரு வரும். எனக்குத் தெரிஞ்ச பேஜாரே போதும்" என்றார்.

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான் அவர் ஐந்து கம்பியைத் தொட்டார். எங்கள் தொழிற்சாலை ஆயுத பூஜைக்கு எங்கள் குழுவையே வாசிக்கச் சொன்னார்கள். வந்தவர்களுக்குப் பொரி கடலைப் பொட்டலம் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதால் அவர்தான் வாசிக்க வேண்டியிருந்தது. அவருடைய கிட்டாரோ மணவாள நகர்க் கடையில் பழுதுக்குக் கிடந்தது. என்னுடையதைக் கொடுத்தேன். வாங்கும்போதே அவர் முகம் சரியில்லை. அகலமான கழுத்தைப் பாம்பைப் பிடிப்பது போலப் பிடித்தார்.

எங்கள் குழுவின் முகப்பு இசை உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் பேஸ் மட்டும் தனியாகத் தொடங்கும், பிறகுதான் மற்றவை சேரும், அதைக் கேட்டுத்தான் வனஜா சுருதி பிடிப்பார். அவருடைய நான்கு கம்பியில் மேல் கம்பியை எங்கும் அழுத்தாமல் சும்மா தட்டினாலே அந்த ஸ வந்துவிடும். என்னுடையதில் அதே இடத்தில் இருப்பது கூடுதல் கம்பி. அதைச் சும்மா தட்டினால் கீழ் ப. கை பழக்கப்படி போயிற்று. ஸ வர வேண்டிய இடத்தில் ப அதிர்ந்தது. பொட்டலத்தோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். வனஜா மைக்கை இறக்கினார். முனிரத்தினம் நிறுத்தவில்லை. அதே ப-வை இன்னொரு முறை தட்டினார். தாளம் தவறாமல் மூன்றாவது முறையும் தட்டினார். பிறகு அங்கிருந்து சரியான ஸ-வுக்கு ஏறி நின்றார். கேட்டவர்களுக்கு அது புதிதாகச் சேர்த்த தொடக்கம் போலவே இருந்தது. எங்கள் மேலாளர் கைதட்டினார்.

கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "ஒரு வாட்டி தட்னா தப்பு நைனா. மூணு வாட்டி தட்னா அது நம்ப பாட்டு" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து நெஞ்சை நீவிக்கொண்டார். அவருக்கு மேடை பயம் என்று எல்லாரும் கேலி செய்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார். அது வெறும் மேடை பயம்தானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. படுத்தால் இதுதான் வந்து நிற்கிறது.

படத்திறப்புக்கு நாள் குறித்தபோது அவர் மனைவி கஸ்தூரி அண்ணி என்னைக் கூப்பிட்டார். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். வீட்டுக்குள் ஆணியில் மாட்டியிருந்த கிட்டாரை அண்ணியே எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"அன்னிக்கி இத்த வச்சி நீ வாசி தயாளு."

"என்னுது எடுத்தாறேன் அண்ணி. எனக்கு அதுதான் கைக்குப் பழக்கம்."

"அவரு படத்துக்கு முன்னாடி அவரோடதுதான் வாசிக்கணும். வேற யாரு கையில குடுப்பேன் சொல்லு?"

சரி என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் ஷேர் ஆட்டோவில் அதை அணைத்துக்கொண்டு திரும்பும்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் எதையும் அழுத்திப் பிடித்தால்தான் நிம்மதி அடைகிறவன். என் கிட்டாரில் அந்த முகப்பு இசையின் ஸ-வை மேல் கம்பியில், கழுத்தில் வரிசையாக இருக்கும் கட்டங்களில் ஐந்தாவதில் அழுத்தித்தான் எடுப்பேன். நான்கு கம்பியில் அதே இடத்தில் அழுத்தினால் வருவது ம. வீட்டில் உட்கார்ந்து பழகினேன். மெதுவாக வாசித்தால் சரியாக வந்தது. கொஞ்சம் நினைவு தப்பினால் கை ஐந்தாவது கட்டத்துக்கே ஓடியது. அந்தக் கட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். பிறகு அவர் கிட்டாரில் நான் யார் ஒட்டுவதற்கு என்று உரித்துவிட்டேன். தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்கும்போதும் கை தொடையில் கம்பி தேடியது. அத்தனை சொந்தக்காரர்களுக்கும் அவர் ஷிப்ட் ஆட்களுக்கும் நடுவில் அவருடைய கடைசிப் பாட்டை நான் கெடுத்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று காலை அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மாலை போட்ட படத்தில் அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. நான் எதுவும் சாப்பிடவில்லை. உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். வனஜா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மற்றவர்கள் காத்திருந்தார்கள். தொடங்கினேன்.

ம.

எங்கே போகக் கூடாது என்று நினைத்தேனோ, கை நேராக அங்கேதான் போயிற்று. வனஜாவின் கண் விரிந்தது. பிறகு என்ன நடந்தது என்றால், நான் யோசிக்கவில்லை. அதே ம-வை மறுபடி தட்டினேன். இன்னொரு முறையும் தட்டினேன். அப்புறம் இடது கையை எடுத்துவிட்டு, எங்கும் அழுத்தாமல், மேல் கம்பியைச் சும்மா தட்டினேன். அந்த ஸ பந்தல் முழுவதும் நின்றது. என் கிட்டாரில் எத்தனை அழுத்தினாலும் அப்படி ஒரு ஸ வந்ததில்லை. வனஜா சரியாக அதைப் பிடித்துக்கொண்டு பாடினார். பாடி முடித்த பிறகுதான் அழுதார்.

சாப்பாட்டுப் பந்திக்கு நடுவில் கஸ்தூரி அண்ணி என்னிடம் வந்தார். தப்பாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கி எத்தினி மூணு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அண்ணிதான் சொன்னார். "கச்சேரி முடிஞ்சி ஊட்டுக்கு வந்தார்னா நான் மொதல்ல அத்தத்தான் கேப்பேன். தப்பாச்சின்னா மூணு வாட்டி தட்டுவாராமே. அன்னிக்கி எத்தினி மூணுன்னு கேப்பேன். நாலுன்னுவாரு, அஞ்சுன்னுவாரு. சொல்லிட்டுத்தான் சோத்துல கைய வெப்பாரு. எனக்குப் பாட்டு கீட்டு ஒண்ணும் தெரியாது தயாளு. ஆனா நீ இப்ப மூணு வாட்டி தட்னது தெரிஞ்சிது."

"ஒண்ணுதான் அண்ணி" என்றேன்.

"ஒண்ணுதானா? அவரு எங்க ஒண்ணோட நிறுத்தனாரு!" என்று சொல்லிவிட்டு அண்ணி சிரித்தார். முனிண்ணா போன பிறகு அண்ணி சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்த வேகத்திலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கிட்டார் அவர்கள் வீட்டு ஆணியிலேயே இருக்கிறது. இருக்க வேண்டிய இடமும் அதுதான். நான் இப்போதும் ஐந்து கம்பியைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். தோள் இன்னும் வலிக்கிறது. இப்போது முறை மாற்றிக்கொள்ள ஆள் இல்லாததால் கச்சேரிக்குக் கச்சேரி நானே போக வேண்டியிருக்கிறது, பயமும் இரண்டு ஆளுடையது. முனிரத்தினத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த மூன்று தட்டும், அதைப் பற்றிய அந்தக் கேள்வியும்தான்.

போன வாரம் ஒரு கல்யாணம் முடிந்து, ஒயரையெல்லாம் சுற்றி வைத்துவிட்டு, அண்ணிக்குப் போன் செய்தேன். நலம் விசாரிப்பதற்கு முன்பே அதைத்தான் கேட்டார்.

"ரெண்டு அண்ணி" என்றேன்.

"செரி, போய் சாப்டு" என்றார்.